சகலையின் மாடிக்கு வழி

எங்கள் தெருவில் கார் வைத்திருக்கிறவர்களுக்கெல்லாம் ஷெட் கிடையாது. ஷெட் வைத்திருந்த ஒரே ஆளுக்குக் கார் கிடையாது. அந்த ஆள் எதிர்வீட்டுக் கண்ணாடிக்காரர். கடைவீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். வீட்டின் வலப்பக்கம் நீளவாக்கில் சும்மா கிடந்த இடத்துக்குத் தகரக் கூரை போட்டு, தரைக்குச் சிமெண்ட் பூசி, தெருப்பக்கம் இரட்டைக் கதவும் மாட்டி, ‘கார் ஷெட்’ என்று பெயர் வைத்தார். நாங்களும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம். உள்ளே கொடியில் துணி காயும். கால் உடைந்த நாற்காலி ஒன்று, தன்னை யாராவது சரிசெய்வார்கள் என்ற நம்பிக்கையில் சுவரில் சாய்ந்திருக்கும். கார் மட்டும் வந்ததில்லை.

எங்கள் மாடி வராந்தாவில் நின்றால் அந்த ஷெட்டும், அதன் கடைசியில் இருக்கும் மதில் சுவரும், சுவருக்குப் பின்னால் இருக்கும் வீடும் ஒரே வரிசையில் தெரியும். நான் பார்க்கிறேன் என்று சொல்லவில்லை, தெரியும் என்கிறேன். துணி உலர்த்தப் போகிறவள் கண்ணைக் கட்டிக்கொண்டா போக முடியும்?

பின்வீடு அவருடைய சகலையுடையது. ஏசியும் ஃப்ரிட்ஜும் பழுதுபார்க்கும் வேலை. அதனால் தெருவுக்கு அவர் ஏசிக்காரர். இரண்டு வீடும் ஒரு காலத்தில் ஒரே மனை. பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற டிரைவர் ஐயா, தன் இரண்டு பெண்களுக்கும் அதைப் பிரித்துக் கொடுத்தார். மூத்தவளுக்குத் தெருவைப் பார்த்த முன்பாதி, இளையவளுக்குப் பின்பாதி. பின்வீட்டுக்குப் போய்வர இடப்பக்கம் ஒரு சந்து விட்டார். ஆயுசு முழுக்க அவ்வளவு பெரிய பஸ்ஸை இண்டு இடுக்கிலெல்லாம் ஓட்டிய மனிதர், சந்து விடும்போது மட்டும் கோட்டை விட்டுவிட்டார். அதில் ஒரு ஸ்கூட்டர் போகலாம். எதிரில் ஆள் வந்தால் யாராவது ஒருவர் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும்.

மனைவி போன பிறகு டிரைவர் ஐயா மூத்தவள் வீட்டுக் கூடத்தில் கட்டிலைப் போட்டுக்கொண்டார். அன்றைக்குப் பிடித்தது கண்ணாடிக்காரருக்கு மாமனார் பைத்தியம்.

மாமியாரிடம் உருகும் மாப்பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதில் பாதி சமையலறை சம்பந்தப்பட்டது. மாமனாரிடம் உருகுகிறவரை இவர் ஒருவரைத்தான் கண்டேன். சின்ன வயதிலேயே தகப்பனைப் பறிகொடுத்தவர், அதனால்தான் என்பாள் அவர் மனைவி. இருக்கலாம். ஆனால் தகப்பன் இருக்கிறவர்கள்கூடத் தகப்பனை இந்தப் பாடு படுத்துவதில்லை. டிரைவர் ஐயா குளிக்கப் போனால் இவர் வெந்நீரில் கைவிட்டுப் பதம் பார்ப்பார். வெளியே கிளம்பினால் செருப்பைத் துடைத்து, இடது வலது மாறாமல் வைப்பார். பேப்பரை முதலில் மாமனார் படித்த பிறகுதான் தொடுவார். அவர் படிக்கும்போது எதிரில் உட்கார்ந்து, எந்தச் செய்தியில் இருக்கிறார் என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்பார்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஏசிக்காரர் பின்னாலிருந்து வருவார். எந்த வீட்டு ஏசிக்குள் பல்லி குடும்பம் நடத்தியது, எந்த அதிகாரி ரிமோட்டில் பேட்டரி போடாமலே மெஷின் ரிப்பேர் என்று ஆள் அனுப்பினார் என்று கதை சொல்வார். டிரைவர் ஐயா பல்செட்டைக் கையால் பிடித்துக்கொண்டு சிரிப்பார். அந்தச் சிரிப்பு எங்கள் வராந்தா வரைக்கும் வரும். அந்த நேரம் பார்த்துக் கண்ணாடிக்காரர் எழுந்துகொள்வார்.

“மாமா, மாத்திரை.”

“இப்பத்தானே போட்டேன் மாப்ளே?”

“அது சாப்பாட்டுக்கு முன்னாடி போடறது மாமா.”

“இது சிரிச்ச பின்னாடி போடறது” என்பார் ஏசிக்காரர். மறுபடியும் பல்செட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டி வரும். கண்ணாடிக்காரர் தண்ணீர் டம்ளரோடு நிற்பார். அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. தன் பொம்மையை வேறு பிள்ளை எடுத்து விளையாடுவதைப் பார்க்கும் பிள்ளையின் முகம், மீசையோடு.

இந்த நிலைமையில்தான் ஏசிக்காரர் மாடி கட்ட ஆரம்பித்தார்.

செங்கல்லும் மணலும் கம்பியும் சந்து வழியாகவே தலைச்சுமையில் போயின. சுவர்கள் எழும்பின. தளம் போடும் கட்டம் வந்ததும் எல்லாம் நின்றது. ஒரு மாலை ஏசிக்காரரும் இளையவளும் ஒரு பெட்டி பிஸ்கட்டோடு முன்வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். கூப்பிடு தூரத்தில் இருக்கிறவர்கள் பிஸ்கட்டோடு வந்தால் ஏதோ காரியம் என்று அர்த்தம். நான் அப்போது அங்கேதான் இருந்தேன். தையல் மெஷினுக்கு எண்ணெய் கேட்கப் போனவள், எண்ணெய் கையில் கிடைத்த பிறகும் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டேன்.

“அண்ணா, ஒரு உதவி” என்றார் ஏசிக்காரர்.

கண்ணாடிக்காரர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். சகலை தன்னிடம் உதவி என்று வந்து நிற்கும் நாளுக்காக அவர் காத்திருந்தது எனக்கே தெரியும்.

“கலவை மெஷின் சந்துல நுழையாது. உங்க ஷெட் வழியா விட்டு, பின் மதில கொஞ்சம் இடிச்சு வழி பண்ணிக்கிட்டா, மெஷின எங்க சுவரோட சுவரா நிறுத்திடலாம். மதில அப்புறம் நானே பழையபடி கட்டிக் குடுத்துடறேன்.”

“தலைச்சுமையா தூக்க முடியாதாமா?”

“அத்தான், தளத்த ஒரே மூச்சுல போட்டு முடிக்கணுமாம்” என்றாள் இளையவள். “பாதில நிறுத்திட்டு மிச்சத்த மறுநாள் போட்டா, பழசும் புதுசும் சேர்ற இடத்துல ஒழுகும்னு மேஸ்திரி சொல்றாரு. இந்தச் சந்துல தூக்கினா ஒரு நாள்ல முடியாது.”

கட்டிலில் இருந்த டிரைவர் ஐயா ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார்.

கண்ணாடிக்காரர் யோசித்தார். யோசிப்பது எல்லோருக்கும் தெரிகிற மாதிரி யோசித்தார். பிறகு நிபந்தனைகளை அடுக்கினார். மெஷின் சக்கரத்தைக் கழுவிவிட்டுத்தான் ஷெட்டுக்குள் விட வேண்டும். சிமெண்ட் பூசிய தரையில் யாரும் வெற்றிலை துப்பக் கூடாது. கொடிக்கயிற்றை அவிழ்க்கக் கூடாது, குனிந்து போக வேண்டும்.

“கதவ வேற யாரும் தொடக் கூடாது. நானே என் கையால திறப்பேன்.”

“உங்க கையாலதான் அண்ணா திறக்கணும். அதுதான் எங்களுக்கும் பெருமை” என்றார் ஏசிக்காரர். அதில் கிண்டல் இருந்ததா இல்லையா என்று கண்டுபிடிக்கக் கண்ணாடிக்காரர் அவரை உற்றுப் பார்த்தார். கண்டுபிடிக்க முடியவில்லை. ஏசிக்காரரிடம் அது ஒரு கஷ்டம்.

அடுத்த சில நாள் கண்ணாடிக்காரர் நடையே மாறிவிட்டது. “தம்பி மாடி கட்டறாரு, நம்ம இடம் வழியாத்தான்” என்று கடைக்கு வருகிற எல்லோரிடமும் சொன்னார். கண் சோதனைக்கு வந்த ஒருவர் தனக்கு எழுத்து தெரிகிறதா இல்லையா என்று சொல்வதற்குள் மாடி விஷயத்தை முழுதாகக் கேட்டாக வேண்டியிருந்தது. மதிலை இடிக்க மேஸ்திரி அளவெடுக்க வந்தபோது டேப்பின் ஒரு முனையைத் தானே பிடித்துக்கொண்டார்.

“மேல யாருக்கு வாடகைக்கு விடப் போறாங்களாம்?” என்று கேட்டார், பேச்சுவாக்கில்.

“வாடகையா? பெரியவருக்கு இல்ல கட்டறாங்க” என்றார் மேஸ்திரி, சுவரைப் பார்த்தபடி. “ஐயாதான் மேல ஏறி வந்து, ஜன்னல் எங்க வரணும்னு நின்னு காட்டினாரு. தெரு தெரியற மாதிரி வேணுமாம். வண்டி போறதப் பாக்கணுமாம்.”

டேப்பின் முனை கண்ணாடிக்காரர் கையிலிருந்து நழுவியது. அது ஷெட் தரையில் சரசரவென்று ஓடிப்போய் மேஸ்திரியின் கைப்பெட்டிக்குள் படக்கென்று சுருண்டுகொண்டது. மேஸ்திரி விரலை உதறினார். நான் துணிக்கு கிளிப் போடுவதை நிறுத்திவிட்டேன்.

அப்புறம் அவர் மாமனாரிடம் போய் நேராகக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் ஆமாம் என்று பதில் வந்துவிடும். அதற்குப் பதிலாக அந்த வாரம் டிரைவர் ஐயாவுக்கு ஒரு புது மின்விசிறி வந்தது. தலையணை இரண்டாகியது. ராத்திரி பாலில் பாதாம் விழுந்தது. மூத்தவள் காம்பவுண்டு ஓரமாக வந்து என்னிடம் புலம்பினாள்.

“எங்கப்பாவுக்குப் புது பிரேம் மாட்டி விட்டிருக்காரு. இருக்கறதே புதுசு. மூஞ்சியப் பிடிச்சிக்கிட்டு இப்பிடித் திருப்புங்க, அப்பிடித் திருப்புங்கன்னு அரைநாள். அவரு, மாப்ளே விடுங்க, என் மூஞ்சி எனக்கே தெரியாதுங்கறாரு.”

“அப்பா போறத நீயும் முன்னாடியே தெரிஞ்சு வெச்சிருந்தியா?”

“தங்கச்சி சொன்னா. இவர்கிட்ட எப்பிடிச் சொல்றதுன்னு நான் முழுங்கிட்டு இருந்தேன். மேஸ்திரி பொட்டுனு போட்டு உடைச்சிட்டாரு.”

அதற்கும் அடுத்த வாரம் ஷெட்டுக்குக் கார் வந்தது.

அது எப்படி வந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். அவர் கடைக்கு வாடிக்கையாக வரும் ஒரு பேராசிரியர். வயதானவர். அவர் கண்ணைச் சோதித்துவிட்டு, “சார், இனிமே நீங்க வண்டி ஓட்டவே கூடாது” என்று கண்ணாடிக்காரர் சொல்லியிருக்கிறார். அப்படியானால் காரை என்ன செய்வது என்று அவர் கவலைப்பட, இவர் அந்தக் கவலையையும் தீர்த்து வைத்துவிட்டார். சோதித்ததும் இவர், தீர்ப்புச் சொன்னதும் இவர், பறிமுதல் செய்ததும் இவர். எங்கள் வீட்டுக்காரர் இதைக் கேட்டுவிட்டு, இனிமேல் கண் சோதனைக்கு ஸ்கூட்டரில் போக மாட்டேன், நடந்தே போகிறேன் என்றார்.

பேராசிரியரின் மகன் காரைக் கொண்டுவந்து, கண்ணாடிக்காரர் கைகாட்டிய மாதிரியே, முன்மூக்கு பின்மதிலை முத்தமிடும்படி விட்டுவிட்டுப் போனான். சாம்பல் நிறம். வயசான கார். ஷெட்டை இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக அடைத்துக்கொண்டது. துணிகள் அதன் முதுகில் தொங்கின. பக்கத்தில் ஆள் போகவே ஒருக்களிக்க வேண்டும் என்றால் கலவை மெஷின் எங்கே போகும்?

டிரைவர் ஐயா வந்து காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பானட்டில் விரலால் தட்டினார். டயரைக் காலால் அழுத்தினார். உள்ளே போய்விட்டார்.

எதிர்வீட்டுக் கூடத்தில் அன்று நடந்த பேச்சு ஜன்னல் வழியாகவே வந்தது; நான் தனியாகப் போய்க் கேட்கவில்லை.

“ஏங்க, ஓட்டத் தெரியாதவருக்கு எதுக்கு கார்?” என்றாள் மூத்தவள்.

“ஷெட்டு காலியாக் கிடக்குன்னுதான இத்தன வருஷம் எல்லாரும் சிரிச்சீங்க.”

“வர்ற வெள்ளிக்கிழமை அவங்க தளம் போடறாங்க.”

“போடட்டும். நான் வேணாம்னனா?”

“நடுவுல கார் நிக்குதே.”

“கார்னா நிக்கத்தான் செய்யும். படுத்துக்குமா?”

ஏசிக்காரர் வந்து பார்த்தார். அவருக்கு விஷயம் புரியாமல் இருந்திருக்காது. ஆனால் அவர் செய்ததைப் பாருங்கள். காரின் கண்ணாடியில் முகத்தை ஒட்டி உள்ளே பார்த்துவிட்டு, “அண்ணா, அருமையான வண்டி. ஏசி வேலை செய்யுதா? இல்லன்னா சொல்லுங்க, நான் கேஸ் அடிச்சுத் தரேன்” என்றார்.

“எனக்கு ஏசி ஒத்துக்காது.”

“மாமாவுக்கு ஒத்துக்கும் அண்ணா. மாமாவ வெச்சுக்கிட்டு ஒரு ரவுண்டு போகலாம்.”

‘மாமாவ வெச்சுக்கிட்டு’ என்ற சொல் கண்ணாடிக்காரருக்கு எங்கே போய்க் குத்தியதோ, சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“வெள்ளிக்கிழமை காலைல மட்டும் வண்டிய வெளில நிறுத்திட்டீங்கன்னா...”

“முடியாது தம்பி. வண்டி இன்னும் என் பேருக்கு மாறல. அடுத்தவன் பேர்ல இருக்கற வண்டியத் தெருவுல நிறுத்தி, யாராவது இடிச்சிட்டான்னா யார் பதில் சொல்றது?”

இளையவள் வந்து கேட்டாள். “அத்தான், நீங்க வாக்குக் குடுத்தீங்க.”

“கதவத் திறக்கறேன்னு சொன்னேன். திறப்பேன். காரப் பத்தி நான் ஒரு வார்த்தை சொல்லலையே. அப்ப கார் ஏது?”

எப்படியும் இறங்கி வந்துவிடுவார் என்று நினைத்து அவர்கள் எதையும் தள்ளிப்போடவில்லை. வெள்ளிக்கிழமை காலை தெரு கல்யாண வீடு மாதிரி இருந்தது. கலவை மெஷின் எங்கள் வாசலில் வந்து நின்றது. ஜல்லி ஒரு பக்கம், மணல் ஒரு பக்கம், சிமெண்ட் மூட்டைகள் ஒரு பக்கம். மாடியில் பலகை அடித்துக் கம்பி கட்டி எல்லாம் தயார். பின்மதிலை முந்தின நாளே கார் மூக்கில் தூசி படாமல் இடித்து வைத்திருந்தார்கள். வேலையாட்கள் நடைபாதையில் வரிசையாக உட்கார்ந்து டீ குடித்தார்கள். கண்ணாடிக்காரர் குளித்து, தலைவாரி, சொன்ன சொல் தவறாமல் தன் கையாலேயே இரட்டைக் கதவையும் விரியத் திறந்துவைத்தார். பிறகு கார் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.

காரைத் தள்ளிப் பார்த்தார்கள். கியரில் பூட்டிக் கிடந்தது. “ஆளுக்கொரு மூலையாத் தூக்கி வெச்சிடலாமா?” என்றார் மேஸ்திரி. ஏசிக்காரர் வேண்டாம் என்றார். அவர் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பைக் காணவில்லை. “ஆள எல்லாம் திருப்பி அனுப்பிடறதா சார்? நாளைக்கு வேற எடத்துல வேலை ஒத்துக்கிட்டிருக்கோம். அப்புறம் எப்ப வருவோம்னு சொல்ல முடியாது” என்றார் மேஸ்திரி.

டிரைவர் ஐயா கூடத்திலிருந்து வெளியே வந்தார். வெளுத்த சட்டை. செருப்பைத் தானே தேடிப் போட்டுக்கொண்டார். யாரிடமும் எதுவும் சொல்லாமல் கடைவீதிப் பக்கம் நடந்தார்.

எனக்கு அப்போதுதான் என் மூக்குக்கண்ணாடியின் ஒரு கால் ஆடுவது ஞாபகம் வந்தது. ஆடவில்லைதான். வழியில் நகத்தால் திருகாணியைக் கொஞ்சம் தளர்த்தியதும் ஆட ஆரம்பித்தது.

நான் கடைக்குள் நுழையும்போது மாமனாரும் மாப்பிள்ளையும் ஆளுக்கொரு பக்கம், நடுவில் கண்ணாடி மேஜை. சுற்றிலும் சுவரெல்லாம் வெறும் பிரேம்கள், ஆளில்லாத பார்வைகள்.

“மாப்ளே, சாவி.”

“எந்தச் சாவி மாமா?”

“உங்க சட்டைப் பைல துருத்திக்கிட்டு இருக்கே, அது.”

கண்ணாடிக்காரர் பையைக் கையால் மூடிக்கொண்டார். என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் என் கண்ணாடியை நீட்டினேன். வேலை கையில் கிடைத்தால் அவருக்கு நிம்மதி. வாங்கிக்கொண்டு, சின்னத் திருப்புளியால் திருகியபடியே, குனிந்த தலையோடு பேசினார்.

“நான் உங்களுக்கு என்ன குறை வெச்சேன் மாமா?”

“ஒரு குறையும் வெக்கல.”

“அப்புறம் என்ன? தம்பி கதை சொல்றாரு, சிரிக்க வெக்கறாரு. எனக்குக் கதை சொல்ல வராது. அதானே?”

“அவன் கதையா?” என்றார் டிரைவர் ஐயா. “அந்தப் பல்லிக் கதைய வருஷம் பூரா சொல்றான். பல்லி மட்டும் பெருசாயிக்கிட்டே போகுது. இப்ப உடும்பு சைசுக்கு வந்திருச்சு.”

கண்ணாடிக்காரர் நிமிர்ந்தார். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவர் இன்னும் ஒரு புது பிரேம் மாட்டியிருப்பார்.

“அப்ப ஏன் போறீங்க?”

டிரைவர் ஐயா மேஜை மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டார்.

“மாப்ளே, நான் பஸ்ஸுல இருந்தப்ப எனக்கு முன்னாடி கண்ணாடி, பின்னாடி அத்தன ஜனம். ஆனா என் சீட்டு என் சீட்டு. ஒருத்தன் பக்கத்துல வந்து உக்கார மாட்டான். உங்க வீட்ல நான் தும்மினா நீங்க எந்திரிக்கிறீங்க. கக்கூஸ் போனா வெளில நின்னு ஆச்சா மாமாங்கறீங்க. ஆவுறதும் நின்னு போயிருது. பேப்பர் படிச்சா என் மூஞ்சியப் படிக்கிறீங்க. கூடத்துல கட்டில். சாத்திக்கறதுக்கு ஒரு கதவு கிடையாது.”

“கதவு வேணும்னா நான் போட்டுத் தந்திருப்பேனே மாமா.”

“போட்டுத் தருவீங்க. தந்துட்டு, வெளில நாற்காலி போட்டு உக்காந்திருப்பீங்க.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமலாக மாற்றினேன்.

“சின்னவரு மட்டும்?”

“அவன் காலைல போனா விளக்கு வெச்சப்புறம்தான் வருவான். அவளும் வேலைக்குப் போயிடுவா. என்னக் கண்டுக்கறதுக்கு ஆள் கிடையாது. அதுக்குத்தான் போறேன்.”

இதைக் கேட்டுக் கண்ணாடிக்காரர் சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியாமல் திருகாணியை இறுக்கிக்கொண்டே போனார். என் கண்ணாடியின் கால் பிறகு பல நாள் மடங்கவே இல்லை. கடைசியில் அவர் பையிலிருந்து சாவியை எடுத்தார். மாமனார் கையில் கொடுக்காமல் மேஜை மேல் வைத்தார்.

“ரிவர்ஸ் எடுக்கையில இடது பக்கத் தூணப் பாத்துக்கங்க மாமா.”

“நீங்க எனக்குச் சொல்றீங்களா?” என்று டிரைவர் ஐயா சாவியை எடுத்துக்கொண்டு நடந்தார்.

கண்ணாடிக்காரர் ஷட்டரை இழுத்துவிட்டு வருவதற்குள் டிரைவர் ஐயா தெருமுனை திரும்பிவிட்டார். நானும் கண்ணாடிக்காரரும் எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்தபோது கார் உறுமிக்கொண்டிருந்தது. கொடியில் கிடந்த துணியை மூத்தவள் வாரிக்கொண்டு ஓடினாள். வேலையாட்கள் டீ டம்ளரோடு எழுந்து நின்றார்கள். கார் ஷெட்டிலிருந்து பின்பக்கமாக, எண்ணெய் போட்ட மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. தூணுக்கும் அதற்கும் நடுவில் ஒரு தீப்பெட்டியை வைத்தால்கூட நசுங்கியிருக்கும், ஆனால் உரசவில்லை. தெருவுக்கு வந்து, ஒரே திருப்பில் ஜல்லிக்குவியலைத் தாண்டி, வேப்பமரத்து நிழலில் நின்றது. வேலையாட்கள் கைதட்டினார்கள். டிரைவர் ஐயாவின் முகத்தில் பத்துப் பதினைந்து வயசு குறைந்திருந்தது.

பக்கத்து சீட்டில் ஏசிக்காரர் உட்கார்ந்திருந்தார். சீட்டில் ஏறிக் குதிக்காத குறை.

கண்ணாடிக்காரர் நடுத்தெருவில் நின்றுவிட்டார். அவர் காரில் அவர் இன்னும் ஒருமுறைகூட உட்காரவில்லை. முதலில் உட்கார்ந்தது சகலை, அதுவும் மாமாவுக்குப் பக்கத்தில்.

“அண்ணா, கிளட்ச் அருமை” என்றார் ஏசிக்காரர் இறங்கி வந்து.

“சக்கரத்தக் கழுவச் சொல்லுங்க” என்றார் கண்ணாடிக்காரர்.

கழுவினார்கள். மெஷின் ஷெட் வழியாகப் போனது. சாயங்காலம் வரை கடகடவென்று ஒரே சத்தம். தளம் ஒரே மூச்சில் விழுந்தது. கண்ணாடிக்காரர் அன்று மறுபடி கடையைத் திறக்கவில்லை. ஷெட் வாசலில் நின்று, குனியாமல் போனவர்களையெல்லாம் குனிய வைத்தார்.

மறுநாள் மேஸ்திரி தளத்தின் மேல் சின்னச் சின்ன வரப்புகளாகக் கட்டி, வயலுக்கு விடுவது போலத் தண்ணீர் நிறுத்திவிட்டுப் போனார். “தண்ணி வத்த விடாதீங்க. காஞ்சா வெடிப்பு விடும், வெடிச்சா ஒழுகும்” என்று சொல்லியிருந்தார். ஏசிக்காரர் காலையில் ஊற்றிவிட்டு வேலைக்குப் போவார். இளையவளும் போய்விடுவாள். மதிய வெயிலில் வரப்புகளுக்குள் தண்ணீர் சுருங்கி, தளம் அங்கங்கே வெளுத்துக்கொண்டு வருவது எங்கள் வராந்தாவிலிருந்தே தெரிந்தது. எங்கள் வராந்தாவிலிருந்து தெரிந்தால் கண்ணாடிக்காரர் வீட்டு மொட்டைமாடியிலிருந்து தெரியாதா?

முதல் நாள் பார்த்துவிட்டுச் சும்மா போனார். இரண்டாம் நாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தார். மூன்றாம் நாள் தன் வீட்டுக் குழாயில் ரப்பர் டியூபை மாட்டி, ஷெட்டின் தகரத்துக்கு மேலே அதை இழுத்துக்கொண்டு, சாரத்தில் ஏறிவிட்டார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, பாத்தி பாத்தியாகத் தண்ணீர் விட்டார்.

கீழிருந்து மூத்தவள் பார்த்தாள். “ஏங்க, உங்களுக்கு ஏன் இந்த வேலை?”

“தம்பிக்குத் தண்ணி ஊத்தத் தெரியல. காலைல ஒரு வாளிய அடிச்சுட்டு ஓடிடறாரு.”

“அவரு வீடு, வெடிச்சா வெடிச்சுட்டுப் போகுது.”

“மாமா தலையில ஒழுகும்டி.”

அதைச் சொல்லிவிட்டு அவர் திரும்பிக்கொண்டார். ஒரு மனிதரைத் தன் வீட்டிலிருந்து கொண்டுபோகப்போகிற கூரைக்குத் தானே தண்ணீர் விட்டு வளர்ப்பது என்ன மாதிரி வேலை என்று எனக்குத் தெரியவில்லை. அதிலும் பொறாமை இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. சாயங்காலம் ஏசிக்காரர் வரும் நேரத்துக்குச் சரியாகச் சாரத்தில் நின்று, “இன்னைக்கும் காஞ்சு கிடந்துது தம்பி” என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்வார். டிரைவர் ஐயா முன்வீட்டு மொட்டைமாடியில் நாற்காலி போட்டுக்கொண்டு, “மாப்ளே, கெழக்கு மூலையில வெளுக்குது பாருங்க” என்று வழி சொல்வார். கிழக்கு மூலைக்கு மாப்பிள்ளை ஓடுவார்.

மாடி முடிந்தது. வெள்ளையடித்து, ஜன்னல் மாட்டி, டிரைவர் ஐயா தன் ரேடியோவோடு மேலே போய்விட்டார். மின்விசிறியும் போனது. தலையணை ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு ஒன்றை விட்டுவிட்டுப் போனார். கண்ணாடிக்காரர் அதைக் கட்டில் இருந்த இடத்திலிருந்து எடுக்க விடவில்லை என்று மூத்தவள் சொன்னாள்.

இப்போது காலையிலும் மாலையிலும் எதிர்வீட்டு முற்றத்திலிருந்து ஒரு குரல் மேலே போகும்.

“மாமா, சாப்டாச்சா?”

ஜன்னலிலிருந்து பதில் வரும். “ஆச்சு.”

“என்ன மாமா?”

“உங்களுக்கு என்ன மாப்ளே, சாப்டாச்சுன்னா ஆச்சு.”

அவ்வளவுதான் பேச்சு. ஆனால் தினமும் நடக்கும்.

போன வாரம் ஏசிக்காரர் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜைப் பார்க்க வந்தார். கதவு ரப்பரை மாற்றிக்கொண்டே, எப்போதும் சொல்லும் பல்லிக் கதையைச் சொல்லாமல் சும்மா இருந்தார். நான் விடுவேனா? மாமனார் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

“எப்படி இருக்காரா? நான் கட்டின மாடி, நான் போட்ட விளக்கு. ராத்திரி வந்து கதவத் தட்டினா தூங்கறாரு. ஞாயித்துக்கிழமை மத்தியானம் தட்டினாலும் தூங்கறாரு. ஜன்னல் வழியா எட்டிப் பாத்தா, கண்ணாடியோடவே படுத்திருக்காரு. கீழேருந்து அண்ணா ஒரு கொரல் குடுத்தா மட்டும் டக்குனு ஜன்னலுக்கு வந்துடறாரு. ஒரு நாளு நானும் முற்றத்துல போய் நின்னு கூப்டலாம்னு இருக்கேன்க்கா.”

இதைக் கேட்ட பிறகு எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. ஃப்ரிட்ஜ் சரியானதும் கண்ணாடிக் கடைக்குப் போனேன். திருகாணியைத் தளர்த்தக்கூட நேரமில்லை; சும்மாவே போனேன். கண்ணாடிக்காரர் ஒரு பிரேமைத் துடைத்துக்கொண்டிருந்தார். சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

துடைப்பது நின்றது.

“தூங்கறாராமா?” என்றார். “கண்ணாடியக் கழட்டி வெச்சுட்டா, போட்டுக்கிட்டா?”

“அதெல்லாம் நான் கேக்கல. உங்க தம்பியே சொன்னாரு, ஜன்னல் வழியாப் பாத்தப்ப பெரியவர் கண்ணாடி போட்டபடியே படுத்திருந்தாராம்.”

“அப்ப நடிப்புதான்.”

பிரேமை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அதில் இல்லாத தூசியைப் பார்த்து, மறுபடியும் துடைத்தார். உதட்டோரத்தில் எதையோ மென்றுகொண்டிருந்தார்.

“பாவம் தம்பி” என்றார்.

இத்தனை வருஷத்தில் சகலையைப் பற்றி அவர் இவ்வளவு மனசாரச் சொல்லி நான் கேட்டதில்லை.